விழாத துண்டு

ஆற்றோரத்து மரங்களுக்கு நடுவே ஓர் ஆள் நின்றிருந்தான். பிலிப்பா அவனை வெட்டவில்லை.

விரல் உயரம்கூட இருக்காது. கறுப்புத் தாளில் மனித வடிவில் ஓர் ஓட்டை. அதன் வழியே அவளது மாடியறையின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. ஊர் தேவாலயத்தில் தொங்கவிட, யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கு முழுவதையும் எங்கும் ஒட்டுப்போடாமல் ஒரே தாளில் கத்தியால் சித்திரமாக வெட்டிக்கொண்டிருந்தாள். கோடை முழுக்க அதற்கே போயிருந்தது.

மாடிப்படியில் நின்று கணவனைக் கூப்பிட்டாள். "டெஸ்மண்ட், என் தாளத் தொட்டியா?"

"உன் கத்தியப் பாத்தாலே நான் பத்தடி தள்ளி நிப்பேன். நான் எங்க தொடுறது? முதல்ல கண்ணாடிய மாத்து."

எரிச்சலோடு அந்த ஓட்டையைக் கிளைகளுக்கிடையேயான வானமாக மாற்றினாள். ஆனால், ஓட்டையிலிருந்து விழுந்திருக்க வேண்டிய ஆள்வடிவத் துண்டு எங்கே? மேசைக்கடியில் தவழ்ந்து தேடினாள். இலைத் துணுக்குகள் கிடந்தன, சிறகுத் துணுக்குகள் கிடந்தன. ஆள் இல்லை.

மறுநாள் அந்த ஆள் தாளிலிருந்த பாலத்தின்மேல் நின்றான். முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தான். பாலத்தையே பலிகொடுத்து அவனை அருவியாக்கினாள். கோபத்தில் கண் கலங்கியது.

"சர்ச்சுக்கு இப்பல்லாம் ஆளே வர்றதில்ல," என்றான் டெஸ்மண்ட், எப்போதும்போல் இடது தோள் சற்றே தாழ, வாசலில் சாய்ந்தபடி. "அவனாவது இருந்துட்டுப் போகட்டுமே."

அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

நவம்பர் மாதம், தேநீர் வேளைக்கே இருட்டிவிட்டது. ஓட்டுக்கூரையில் மழை ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது, ஹீட்டரில் காயப்போட்ட கம்பளிக் காலுறையின் ஈர நாற்றம் அறை முழுக்க நிறைந்திருந்தது, உத்தரத்திலிருந்து தொங்கிய தாள் காற்றே இல்லாமல் மெல்ல அசைந்து அவள் கழுத்தை உரசுவதுபோல் நிழலை நகர்த்தியது. புதுக் கத்திமுனை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

சர்ர்ர்.

தாளைக் கத்தி கிழிக்கும் சத்தம். நிதானமாக. நீளமாக.

கத்தி அவள் கையில் இருந்தது.

திரும்பினாள். பள்ளத்தாக்கு இல்லை. ஆளுயர ஓட்டை. சற்றே தாழ்ந்த இடது தோள். அந்தத் தோளை அவளுக்குத் தெரியும். தரையைப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை.

"டெஸ்மண்ட்?"

கீழே சமையலறையிலிருந்து குரல் வந்தது: "இங்கதான் இருக்கேன்."

படியிறங்கினாள். விளக்கடியில் அவளைப் பார்த்தபடி நின்றிருந்தான். அதே முகம், அதே நீலக் கம்பளிச்சட்டை.

"எல்லாம் போச்சு. மொத்தமும் போச்சு," என்றாள்.

"மன்னிச்சுக்கோ." கிண்டல் இல்லை, சிரிப்பு இல்லை. "உக்காரு. டீ போடுறேன்."

குழாய்ப் பக்கம் திரும்பினான்.

பக்கவாட்டில் மூக்கு இல்லை. வயிறு இல்லை. தோள் இல்லை. விளக்கிலிருந்து தரைவரை ஒரு கோடு மட்டும். தாளின் விளிம்பைப்போல், மயிரிழை அகலம்.

கோடு லேசாக வளைந்தது. கெட்டிலில் தண்ணீர் நிறையத் தொடங்கியது.