காலி வண்டி எடை

நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முன்சக்கரத்துக்கு அடியில் இருந்த இரண்டும் நசுங்கி ரோட்டில் சாறு விட்டன. பின்சக்கரத்துக்கு வைத்த இரண்டும், வண்டி ஏறிப் போன பிறகும், வைத்தது வைத்தபடி மஞ்சள் மங்காமல் உட்கார்ந்திருந்தன. கலைமணி அதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். டிங்கர் ஆனந்தகுமாரும் பார்த்தான். பார்த்தவன் இரண்டையும் காலால் சாக்கடைக்குள் தள்ளிவிட்டு, "ரோடு பள்ளமுங்க்கா, டயருக்குச் சிக்கலை. நீங்க கெளம்புங்க," என்றான். ரோட்டில் பள்ளம் எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

வேனுக்கு வயது பதினாறு. கலைமணியின் கணவன் சிவபிரகாஷ் போர்வெல் ரிக்கோடு மத்தியப் பிரதேசத்தில் எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தான். ஆண்டுக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருவான், வந்தால் தூங்குவான். குடும்பத்தை ஓட்டியது இந்த வேன்தான். ஆட்டையாம்பட்டியிலிருந்து ராசிபுரம் ரோட்டில் இருக்கும் தறிப் பட்டறைக்குப் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, பிற்பகலில் திருப்பிக் கூட்டி வருவாள். தை மாதம் ஒரு டிப்பர் லாரி பின்னுக்கு வந்து, நின்றுகொண்டிருந்த வேனின் பின்பக்கத்தை அப்பளமாக நொறுக்கிவிட்டது. நல்ல காலம், உள்ளே யாரும் இல்லை.

தட்டி நிமிர்த்த முடியாது, பாதியாக அறுத்துவிட்டு வேறொரு வண்டியின் பின்பாதியை ஒட்டிவிடலாம் என்றான் ஆனந்தகுமார். அது எந்த வண்டியின் பாதி என்று கலைமணி கேட்டாள்.

"நம்பரு முன்பாதியில இருக்குதுங்க்கா. நம்பர் இருக்கறதுதான் வண்டி. மத்ததெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ்."

அந்தப் பேச்சை நம்பியதற்குத் தன்னைத் தவிர வேறு யாரையும் திட்ட முடியாது என்று பின்னாளில் அவள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அவனைத்தான் திட்டினாள்.

முதலில் தகராறு செய்தது பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு. வெளியிலிருந்து இழுத்தால் வெண்ணெய் மாதிரி வரும். உள்ளேயிருந்து என்ன முக்கினாலும் அசையாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவளே இறங்கிப் போய்த் திறந்துவிட வேண்டியிருந்தது. ரோலரை மாற்றினார்கள், தண்டவாளத்தில் கிரீஸ் வைத்தார்கள், பூட்டையே புதிதாகப் போட்டார்கள். மெக்கானிக் பட்டறையில் நன்றாகத் திறந்தது. ரோட்டுக்கு வந்ததும் பழைய கதைதான்.

அடுத்தது ஈரம். சித்திரை மாதம், வானம் வெளுத்துக் கிடக்கிறது, ஆறு வாரமாக ஒரு தூறல் இல்லை. ஆனால் தினமும் காலையில் பின்சீட்டுக்குக் கீழே விரித்த ரப்பர் மேட்டை மிதித்தால் சளக் என்று தண்ணீர் ஊறியது. வெயில் ஏற ஏற அதிலிருந்து ஒரு வாடை கிளம்பி, சீட்டுத் துணியிலும் கூரைத் துணியிலும் ஏறி, பெண்கள் தலையில் வைத்திருந்த மல்லிகையையும் மீறி, முன்சீட்டு வரை வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. பாசி வாடை. வெகுநாள் யாரும் இறைக்காத தண்ணீரின் வாடை. ஒருநாள் மேட்டைத் தூக்கிப் பார்த்தாள். தகரத்தின் மடிப்பில் விரல் நகமளவு நத்தை ஓடுகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

மூன்றாவது, வண்டி பின்பக்கம் தாழ்ந்து நின்றது. யாரும் ஏறாத போதும், வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும், ஆள் ஏறிய வண்டியாக உட்கார்ந்து கிடந்தது. வேகத்தடையில் சைலன்சர் உரசியது. இரண்டு மாதத்துக்குள் ஸ்பிரிங் பட்டை இரண்டு முறை உடைந்தது.

வண்டியில் வருகிறவர்களில் மூத்தவள் சௌந்திரம். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஒரு பிற்பகல் இறங்கியவள் நகராமல் நின்றாள்.

"நாளையிலிருந்து நான் பஸ்சுல வாரேன், கலைமணி."

"ஏனுங்க்கா, என்னாச்சு?"

"நாலு பேரு உக்காரற சீட்டு. நாங்க ரெண்டே பேரு உக்காந்தோம். அப்பவும் நெருக்குது. தொடை நனையுது. நீ ஓட்டு சாமி, எனக்கு வேண்டாம்."

ஒரு வாரத்துக்குள் மற்றவர்களும் ஒவ்வொரு சாக்காகச் சொல்லி நின்றுகொண்டார்கள். கோடை விடுமுறை என்பதால் மகள் அபிநயா மட்டும் கூடவே வந்தாள். ஏழு வயது. வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. அவளுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள் கலைமணி. முன்சீட்டைவிட்டு நகரக் கூடாது, பின்னால் ஏறவே கூடாது. ஏன் என்று பிள்ளை கேட்டபோது அதட்டினாள். காரணம் சொல்லத் தெரியவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான். வண்டி கல்குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தத்தை ரோலர் ஆட்டம் என்று மெக்கானிக் சொல்லியிருந்தான். வண்டி நின்ற பிறகும் ரோலர் ஆடுமா என்று அவள் அவனிடம் கேட்கவில்லை. உள்ளங்கையால் தகரத்தில் அடிப்பது எப்படிக் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

மூன்றாவது முறையும் பட்டை உடைந்த அன்று ஆனந்தகுமாரின் பட்டறைக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். அவன் வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"பாரம் ஏத்தறீங்க. பட்டை உடையாம என்ன செய்யும்?"

"யாரும் ஏறறதே இல்லீங்க. ஆறு நாளா காலி வண்டி."

"அப்ப எடை போட்டுச் சீட்டுக் கொண்டாங்க. காலி வண்டி எடை என்னன்னு பார்த்துட்டுப் பேசலாம். சும்மா வந்து என்ற வேலையக் கொறை சொல்லாதீங்க."

"இது எந்த வண்டி பாதி? அதை மொதல்ல சொல்லுங்க."

அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். கண்ணில் கோபமும் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தன.

"கெணத்துல உழுந்த வண்டி. போதுமா? தலைகுப்புற உழுந்துச்சு. டிரைவரு முன்கண்ணாடி ஒடைஞ்சு நீந்தி வெளிய வந்துட்டான். பின்னாடி இருந்தவங்களுக்குக் கதவு தொறக்கலை. புருசன் பொண்டாட்டி, ஒரு புள்ளை. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? தகரம் தகரந்தான்."

கலைமணி ஓரடி முன்னால் வந்தாள். அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்தால் நாளைக்கு இந்தப் பாதியை அறுத்து எடுக்க யாரிடம் போவது. எடைச் சீட்டைக் கொண்டுவந்து அவன் முகத்தில் வீசுவது, இன்றே அறுக்கச் சொல்வது, அறுக்கும்வரை பட்டறையைவிட்டு நகராமல் நிற்பது என்று முடிவு செய்தாள். அபிநயாவை முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

ஜவ்வரிசி ஆலைக்குப் பக்கத்தில் ஓர் எடைமேடை இருந்தது. கிழங்கு அரைவை முடிந்து ஆலை மூடிக் கிடந்தது. லாரிகள் இல்லை. நான்கு மணி வெயிலில், காய்ந்த கிழங்குத் தோலின் புளித்த வாடையும், எங்கோ ஒற்றை மைனாவின் சத்தமும், சூட்டில் நெளியும் காற்றும் தவிர அந்தக் காம்பவுண்டுக்குள் எதுவும் அசையவில்லை. இரும்புத் தகட்டில் வண்டி ஏறியபோது டங் என்றது. அறையின் சன்னலுக்கு மேல் சிவப்பு எண்கள் எரிந்தன. உள்ளே பனியனோடு பச்சமுத்து உட்கார்ந்திருந்தார்.

"காலி வேனுக்கு என்னத்துக்கு அம்மிணி எடை?"

"சீட்டு வேணுமுங்க."

அவள் மட்டும் இறங்கி சன்னலுக்கு வந்தாள். 960.

"புள்ளையவும் எறக்கியுடு. பின்னாடி இருக்கறவங்களையும்."

"பின்னாடி யாருமில்லீங்க."

அவர் நம்பவில்லை. அவள் போய் அபிநயாவை இறக்கினாள். 940. பிள்ளை இருபது கிலோ, சரியாக இருந்தது. ஆர்.சி. புத்தகத்தைச் சன்னல் வழியாக வாங்கிப் பார்த்தார் பச்சமுத்து.

"எழுநூத்து எம்பத்தஞ்சுன்னு போட்டிருக்குது. நூத்தம்பத்தஞ்சு கிலோ கூட இருக்குது. ஏத்தி வெச்சிருக்கற சாமானை எறக்கு."

"சாமான் இல்லீங்க. நீங்களே பாருங்க."

மகளை நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு அவள் மேடையில் ஏறினாள். பக்கக் கதவைப் பிடித்து முழுவதுமாகத் தள்ளித் திறந்தாள். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. உள்ளே யாரும் இல்லை. சீட்டுத் துணி மூன்று இடத்தில் அமுங்கியிருந்தது. இரண்டு பெரிய பள்ளம். நடுவில் ஒரு சின்னப் பள்ளம்.

கதவை மூட அவளுக்குத் தோன்றவில்லை. திரும்பி வேகமாக நடந்து வந்து அபிநயாவின் கையைப் பற்றிக்கொண்டாள். பிள்ளையின் கை வெயிலில் சுட்டது. அந்தச் சூடு அவளுக்கு வேண்டியிருந்தது.

அவள் கண்ணெதிரிலேயே எண் மாறியது.

870.

மேடையின் விளிம்புக்கு இப்பால், காய்ந்த சிமெண்டுத் தரையில், ஓர் ஈரப் பாதம் விழுந்தது. பெரிய பாதம். அடுத்தது. அடுத்தது. வெயில் அவற்றை உடனுக்குடன் குடித்தது.

805.

இன்னொரு ஜோடி. கொஞ்சம் சிறியது. அவளைக் கடந்து, அவள் புடவையை உரசிக்கொண்டு, பின்னால் போய் நின்றது. பாசி வாடை.

785.

"இப்பச் சரியா வந்துருச்சு," என்றார் பச்சமுத்து, திரையைவிட்டுத் தலை நிமிராமல். "எறக்கிட்டயா? இந்தா, சீட்டு."

போய்விட்டார்கள். கலைமணிக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. கதவு திறக்கத்தான் இத்தனை நாள் அடித்திருக்கிறார்கள். ஆள் இறங்கியதும் அவள் மூடிவிடும் கதவு இன்றுதான் திறந்தபடியே கிடக்கிறது. வெளியே வந்துவிட்டார்கள். அழுகை வந்தது. மகளின் கையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் புத்தகத்தையும் சீட்டையும் வாங்கினாள். வாங்கி இடுக்கிக்கொண்டு கையைக் கீழே நீட்டினாள். சின்னக் கை வந்து பற்றிக்கொண்டது.

குளிர்ந்திருந்தது.

வேர்வை, என்று நினைத்தாள்.

805.

பக்கக் கதவு நகர்ந்தது. மெதுவாக. வெண்ணெய் மாதிரி. டக்.

அவள் கீழே பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தாள். பின்கண்ணாடிக்குள் மஞ்சள் கவுன். அபிநயாவின் மஞ்சள் கவுன். அபிநயாவின் வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. உள்ளங்கை கண்ணாடியில் அடித்தது.

815. 840.

கண்ணாடியின் அடியில் ஒரு பச்சைக் கோடு. கோடு ஏறியது.

900.

கலைமணி ஓடினாள். ஓடியதாக நினைத்தாள். கால் அசையவில்லை. இடுப்புக்குக் கீழே, அந்தச் சின்னக் கை அவள் கையை விடவில்லை. பிடித்து இழுத்தாள். உதறினாள். கிணற்றுப் படிக்கல்லை இழுப்பது போல இருந்தது. தோளில் இரண்டு பக்கமும் இரண்டு ஈரக் கைகள் வந்து அமர்ந்தன, பரிவாக, உறவுக்காரர்கள் மாதிரி.

"அம்மா," என்றது கீழேயிருந்து ஒரு குரல். அவள் பெற்ற குரல் இல்லை. "ஊட்டுக்குப் போலாம்மா."

1080. 1195.

"அபி," என்று கத்தினாள். வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. கண்ணாடியில் பச்சைக் கோடு பிள்ளையின் கழுத்தைத் தாண்டியது. மோவாய். உதடு. பிள்ளை அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1340.

சன்னலுக்குள் பச்சமுத்து எரிச்சலோடு நாக்கைச் சொடுக்கினார். தலை நிமிரவில்லை.

"எறக்கச் சொன்னா ஏத்திட்டே இருக்கற, அம்மிணி."

1475. 1590.

வண்டியின் பின்பக்கம் மேடையில் அமுங்கி முனகியது. கண்ணாடிக்குள், கூரைத் துணியை ஒட்டி, ரிப்பன் கட்டிய இரண்டு சடைகள் மெதுவாக அவிழ்ந்து மிதந்தன.

1660.

எண் அதற்கு மேல் ஏறவில்லை.