ஒன்றரை நொடி

தயக்கமானி மூன்றாவது முறையும் சிவப்பையே காட்டியது. கோகிலவாணிக்கு அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

கண் ஒரு பொருளைப் பார்ப்பதற்கும் கை அதை இயக்குவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்கும் கருவி அது. அரை நொடிக்கு மேல் போனால் ஏற்றுமதி அனுமதி கிடையாது. தயங்க வைக்கும் பொருள் உலகச் சந்தையில் தோற்கும் என்பது அரசின் வடிவக் கொள்கை. அவளுடைய தேங்காய்த் துருவி ஒன்றரை நொடி எடுத்தது.

"அந்த மூடியக் கழட்டிப்போடுங்க மேடம். உடனே பச்சை வந்துரும்," என்றார் வடிவத்துறை அதிகாரி ஜெயசீலன்.

"மூடி போட்டாத்தான் சுத்தும்னு வெச்சதே நாந்தானுங்க. கழட்டினா விரல் போயிருமுங்க."

"விரல் போனா அது சுகாதாரத்துறைங்க. நாங்க நொடிய மட்டுந்தான் பாக்கறோம்." மனிதர் கூசாமல் சொன்னார்.

இனி மேல்முறையீடுதான். ஒருவருக்கு ஒரே வாய்ப்பு. அதுவும் போனால், நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

முடிவை ஏற்பதா, மேல்முறையீடா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லி அதிகாரி திரையை அவள் பக்கம் திருப்பினார். அதே நேரம் பட்டறையிலிருந்து மயில்சாமி கைப்பேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, லாரிக்காரன் கெளம்பறேங்கறான். பெட்டிய ஏத்தட்டுமுங்களா, வேண்டாமுங்களா?"

"ரெண்டு நிமிஷம் புடிச்சு வெய்யுங்க!" என்றபடியே, மேல்முறையீடு என்று நினைத்துத் திரையைத் தொட்டாள்.

திரை முழுக்கப் பச்சையானது. 'முடிவை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. கோப்பு மூடப்பட்டது. தயக்கம்: சுழியம்.'

தொடுவதற்கு முன் திரையில் இருந்ததை அவள் அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். மேல்முறையீட்டுப் பொத்தான் மேலே ஒரு ஓரத்தில் சாம்பல் நிறத்தில் கிடந்திருந்தது. கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில், 'ஏற்கிறேன்' என்று பெரிய பச்சைப் பொத்தான். அந்த இடம் அவளுக்குத் தெரியாததா? கோப்புகளை வேகமாக மூட வேண்டும் என்று அரசு கேட்டபோது, அறுநூறு பேரின் கட்டைவிரலை அளந்து அதைக் கண்டுபிடித்தவளே அவள்தான். அதற்கு வாங்கிய விருது இன்றும் பட்டறை வாசலில் தொங்குகிறது.

"ஏனுங்க, உறுதிதானான்னு ஒரு வார்த்தை கேக்காதுங்களா இது?" அவள் திரையைத் தட்டிக் காட்டினாள்.

ஜெயசீலன் பழைய கோப்பைத் திறந்து படித்தார். "முன்னால கேட்டுட்டு இருந்துச்சுங்க மேடம். அதுல ஒன்றரை நொடி வீணாகுது, எடுத்துருங்கன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"அக்கா, ஏத்தட்டுமுங்களா?" மயில்சாமி இன்னும் இணைப்பில் இருந்தார். பதில் சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.