ஏரி வாத்தின் குடல்

புதன்கிழமை விடியற்காலையில் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ராஜசேகர் இறந்தார். அதே ஆஸ்பத்திரியில் அவர் மனைவி ராசம்மாள் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரே வாந்தி, ஒரே பேதி. ஞாயிறு இரவு இருவரும் சாப்பிட்டதும் ஒரே கறி. ஏரி வாத்து.

எட்டு மணிக்குள் அவர்கள் ஊரான எருத்தேன்பதி முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. எங்கிருந்தோ பறந்துவந்த பறவை நோயைக் கொண்டுவந்து ஏரியில் இறக்கிவிட்டதாம். கரையில் மாடு மேய்க்க யாரும் போகவில்லை. கள்ளுக்கடையில் வாத்துக்கறி சட்டியோடு கிடந்தது.

கால்நடை மருத்துவர் ஜானவியை எஸ்.ஐ. ஜிதின் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி டாக்டர் போனில் கெஞ்சாத குறையாகக் கேட்டிருந்தார். கொடுக்கிற மருந்து எதற்கும் ராசம்மாள் தேறவில்லை. ரத்தத்தில் வெள்ளணுக்கள் மளமளவென்று சரிகின்றன. பறவையில் என்ன கிருமி என்று இன்றைக்குள் தெரிந்தாக வேண்டும்.

ராஜசேகரின் தம்பி மயில்சாமி தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டார்.

"வலை போட்டது நாந்தானுங்க. காட்டுப் பறவையப் புடிச்சா ஜெயிலுன்னு தெரியுமுங்க. என்னைய என்ன வேணாப் பண்ணுங்க."

ஏரிக்கரைத் தோப்பை விற்பதா வேண்டாமா என்று அண்ணனும் தம்பியும் ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மனத்தாங்கலைத் தீர்க்கத்தான் இரண்டு வாத்துகளைப் பிடித்தாராம். கவிச்சி தெரியக்கூடாதென்று தானே அறுத்து, தானே மசாலா அரைத்துப் பிரட்டி, அண்ணன் வீட்டுப் படியேறிக் கொடுத்திருக்கிறார். அண்ணி செய்ததெல்லாம் அடுப்பில் வைத்ததுதான். சொல்லும்போதே மயில்சாமி அழுது, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத்ர நேர்மையான கள்ளனை என் சர்வீஸ்ல கண்டதில்ல, டாக்டர்" என்றார் ஜிதின் மலையாளம் கலந்த தமிழில், ஜானவிக்கு மட்டும் கேட்கும்படி.

கழிவைப் புதைத்த குழி மயில்சாமியின் வயலோரம் இருந்தது. பக்கத்திலேயே வாத்துப் பட்டி. அதைத் தாண்டிக் கம்பிப் பந்தலில் செங்காந்தள் என்கிற கண்வலிக்கிழங்குக் கொடி படர்ந்திருந்தது. விதைக்காகப் போட்ட வெள்ளாமை. கடைசிப் பூக்கள் சிவந்து நின்றன.

குழியில் முதலில் வந்தவை இறகுகள். ஏரிக்கு வலசை வரும் ஊசிவால் வாத்தின் இறகுகள்தான், சந்தேகமில்லை. எல்லாமே நீளமான சிறகு இறகுகள். நெஞ்சுமயிரில் ஒரு பிசிறுகூட அகப்படவில்லை. ஜானவி இன்னும் கொஞ்சம் கிளறிப் பார்த்தாள். அடியில் குடல்களும் இரைப்பைகளும் கிடந்தன. நாய் தோண்டாமலிருக்கக் கல்லுப்பைக் கொட்டியிருந்ததால் அவை அழுகாமல் இருந்தன.

தன் கால்நடை ஆஸ்பத்திரி மேசையில் அவற்றைக் கழுவி, நீளவாக்கில் கிழித்து, பூதக்கண்ணாடி வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். இரைப்பைகளையும் பிளந்தாள். குருணை அரிசியும் சிறுகல்லும் இருந்தன. ஜிதின் ஜன்னலோரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்ன நோய், டாக்டர்?"

"ஒரு புழுகூட இல்லை."

"நல்லதல்லே?"

"வாத்துக்கு நல்லது. மயில்சாமிக்கு இல்லை."

மதியம் மறுபடியும் மயில்சாமியின் களத்தில் ஜீப் நின்றது. ஜானவி உட்காரவில்லை.

"எந்த ஏரியில பிடிச்சீங்க?"

"நம்மூரு ஏரிதானுங்க."

"ஏரிப் பறவை நத்தையும் புல்விதையும் தின்னு வாழறது. இறங்கின தண்ணியில இருந்ததெல்லாம் அதோட குடல்ல குடியிருக்கும். நாடா மாதிரி புழு, தட்டையா ஒட்டிக்கிற புழு. ஒரு பறவையில இல்லேன்னா அதிசயம்னு விட்டுடலாம். இங்க ரெண்டு குடலும் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. நத்தை ஓட்டுல ஒரு சில்லுகூட இல்லை. குருணைதான் இருக்கு." பட்டியைக் காட்டினாள். "போன வாரம் முகாம்ல உங்க வாத்துக்கெல்லாம் குடற்புழு மருந்து கொடுத்தது நான்தான்."

மயில்சாமி பட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"இறகு ஏரிக்கரையில பொறுக்கினது. பறிச்ச பறவைன்னா நெஞ்சுமயிர் குழி பூரா கிடக்கும்."

ஜிதினுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. வீட்டு வாத்தை அறுத்தால் கேஸே கிடையாது. எதற்காக ஒருவன் ஜெயிலுக்குப் போகிற பொய்யைச் சொல்ல வேண்டும்?

"வீட்டு வாத்தைத் தின்னு ரெண்டு பேர் விழுந்தா, கறியில என்ன கலந்ததுன்னு கேட்போம்" என்றாள் ஜானவி. "ஏரி வாத்துன்னா யாரும் கேட்க மாட்டோம். நோய்னு முடிச்சிடுவோம். இன்னிக்குக் காலையில அதைத்தானே செஞ்சோம்? வலை போட்டேன்னு அழுதவர் மேல வேற சந்தேகம் வருமா?"

கம்பிப் பந்தல் பக்கம் திரும்பினாள்.

"வாத்துல நோயில்லை. கறியில நீங்க சேர்த்தது மசாலா மட்டும்தான். அதுல எந்தக் கிழங்கை அரைச்சீங்க?"

ஜிதின் பூக்களைப் பார்த்தார். "மேத்தோன்னியோ?" என்றார், மலையாளத்தில் அதன் பெயரைச் சொல்லி.

மயில்சாமியின் கண்கள் இப்போது காய்ந்திருந்தன.

"தோப்ப விக்க உடமாட்டேன்னுட்டாருங்க" என்றார். பிறகு, "அண்ணிக்கு வாத்துக் கவிச்சி ஆகாதுங்க. அவங்க தொடமாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

ஜிதின் அவர் தோளில் கை வைத்தார். ஜானவி ஏற்கெனவே போனில் இருந்தாள். கிழங்கின் பெயரை ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னாள். அந்தக் கிழங்கின் விஷத்தை முறிக்கிற மருந்து தன் கையில் இல்லை என்றார் அவர். ஆனால் அடுத்து எந்த உறுப்பு சாயும், எப்போது முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது தெரியும். கிருமியைத் தேடி வீணாகும் நேரமாவது மிச்சம்.

இரண்டு வாரம் கழித்து ஜானவி பாலக்காட்டுக்குப் போய்ப் பார்த்தாள். ராசம்மாளின் முடி முழுக்க உதிர்ந்து தலையணையில் கிடந்தது. அந்த விஷத்தில் முடி உதிரும்வரை தாக்குப்பிடித்தவர் பிழைத்துவிடுவார் என்று நர்ஸ் சொன்னாள். புருஷன் போனதும், கொழுந்தன் சிறைக்குப் போனதும் ராசம்மாளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

கூரையைப் பார்த்தபடியே ராசம்மாள் பேசினாள்.

"மொத வாயிலயே கசந்துச்சு அம்மிணி. அவரும் என்னையப் பாத்தாரு, நானும் அவரப் பாத்தேன். ஆறு மாசங்கழிச்சு ஊட்டுப் படியேறி வந்த பையன் குடுத்தது. கசக்குதுன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு பேரும் முழுங்குனோம்."