எப்போதிலிருந்து தவறு

அண்ணனின் சுவாசக் கருவியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் அது இணைப்பில் இருப்பதாகவே அவளுடைய கணினி காட்டியது. கேபிள் மேசையோரம் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையிலிருந்து கிருமிநாசினியும் ஈர ரப்பரும் கலந்த வாடை, சன்னல்களையெல்லாம் திறந்துவைத்தும் போகாமல், அந்தி மங்கலோடு சேர்ந்து வீடெங்கும் பரவியிருந்தது.

பழைய பதிவு ஏதோ அழியாமல் கிடக்கிறது என்று தேற்றிக்கொண்டு, திருத்த வேண்டிய பக்கத்தைத் திறந்தாள்.

கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் ட்ரைவர்களை எழுதுகிறவர்களுக்காக அவளுடைய நிறுவனம் வெளியிடும் கையேடு; அதன் பக்கங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. கருவி உறக்கநிலையிலிருந்து எழும்போது எச்சரிக்கை மணியை இயங்குதளமே மறுபடி இயக்கிவிடும் என்றது அந்தப் பக்கம். இயங்குதளத்தின் முந்தைய பதிப்பில் அது உண்மை. புதியதில் அதை ட்ரைவர்தான் செய்ய வேண்டும். அவள் சோதித்துப் பார்க்கவில்லை. வேலை குவிந்திருந்த வாரம் அது; ‘சரிபார்த்த நாள்’ என்ற இடத்தில் தேதியை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். அலுவலகத்தில் எல்லோரும் செய்வதுதான்.

அந்தப் பக்கத்தை நம்பி எழுதிய ட்ரைவர்தான் அண்ணனின் கருவியில் இருந்தது. கருவி நின்றது. மணி அடிக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க ஆபீசரம்மா பாத்துட்டாங்கன்னா உலகமே கண்ண மூடிக்கிட்டு நம்பும்” என்று கிண்டலடிப்பான் அண்ணன். துக்கம் கேட்க வந்தவர்கள், கூடப்பிறந்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மாய்ந்து மாய்ந்து சொன்னபோது, முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மேலாளர் மதியம் போனில் ஆறுதல் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

“என்ன மாத்தினீங்கன்னு மட்டும் போட்டா போதாதும்மா. எப்போலேர்ந்து தப்புன்னு போடணும். அதப் பாத்துதான் மத்த கம்பெனிக்காரங்க அவங்க ட்ரைவரத் திறந்து பாப்பாங்க. இல்லன்னா ஒருத்தரும் தொடமாட்டாங்க.”

“சரி சார்.”

வரியைத் திருத்தினாள். கீழே, ‘எப்போதிலிருந்து தவறு’ என்ற கட்டம். தேதியை இட்டதும் பக்கத்திலேயே அவள் பெயர் தானாக வந்து நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தாள். காது மடல் சுட்டது. தேதியை அழித்தாள். பெயரும் போனது. காரணம் கேட்ட இடத்தில் ‘மொழிநடைத் திருத்தம்’ என்று எழுதி, வெளியிட்டாள்.

திரையோரத்தில், இணைப்பில் இருக்கும் கருவிகளின் பட்டியல் நீண்டது.

இன்னொரு சுவாசக் கருவி. அதன் கீழே இன்னொன்று. பிறகு நிற்காமல். எல்லாவற்றுக்கும் நேரே ஒரே சொல்: உறக்கம்.

மின்விசிறியின் இரைச்சல் அடங்கியது. தெருவின் சத்தமும்.

கூடத்தில் வெறுங்கால்கள் தேய்ந்தன. நிறையக் கால்கள்.

திரும்பினாள்.

அறை வாசலில் ஆட்கள். முன்பின் பார்த்திராத முகங்கள். இரவு உடையில் ஒரு கிழவர். தலை கலைந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தை. ஒவ்வொரு முகத்திலிருந்தும் ஒரு குழாய் தரையில் இழுபட்டது. உதடுகள் நீலம். எல்லோரும் வாய் திறந்து கத்தினார்கள்.

சத்தமே இல்லை.

அண்ணனைத் தேடினாள். அவர்களில் அவன் இல்லை.

அந்தப் பெண் குழந்தையை அவளிடம் நீட்டினாள். அதன் நெஞ்சு அசையவில்லை. கண்கள் மட்டும் அவளையே பார்த்தன.

அவர்களுக்குப் பின்னால், வாசற்கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.