கூப்பிடாமல் விட்ட பெயர்

முருங்கைக்கீரைச் சாறு ஆவி பறக்க மேசைக்கு வந்தது. ஊதிக் கொடுப்பதற்குள் ஐரா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டாள். நாலு வயதுக் குழந்தை அலறப்போகிறது என்று ரோவெனா பதறி எழுந்து தண்ணீரை நீட்டினாள். ஐரா அலறவில்லை. விழுங்கினாள். கீழுதடு சிவந்து கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. அவள் எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே அடுத்த கரண்டிக்குக் கையை நீட்டினாள்.

"ஐரா! அம்மாவப் பாரு."

பார்க்கவில்லை.

பயணக் களைப்பாக இருக்கும் என்று ரோவெனா தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஹவாயில் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்கு விடுப்பு சொல்லி, இறந்துபோன அம்மாவின் ஊருக்கு அவள் வந்தது வம்சத்தைத் தேடித்தான். வரும் கோடையில் ஹவாயில் குடும்பம் மொத்தமும் கூடுகிறது. ஐந்து தலைமுறையையும் சுவர் நீளத் துணியில் எழுதித் தொங்கவிடும் பொறுப்பு அவளுடையது. அதற்காக அன்று மதியம் முழுக்க, அம்மாவின் தங்கை பூரிங் சித்தியோடு கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் பாசி படிந்த கற்களைத் தேய்த்துத் தேய்த்துப் பெயர் படித்தாள்.

"ஹவாய்க்காரிக்குச் செத்தவங்கதான்டி சொந்தம்," என்று சித்தி அங்கேயே குத்திக்காட்டினாள். "உயிரோட இருக்குற எங்களுக்கு ஒரு சாக்லேட்டோட சரி."

"ரெண்டு பெட்டி கொடுத்தேனே சித்தி!"

"ஒண்ணு உருகிப் போயிருந்துச்சு. கிளம்பறப்போ சொன்னத மறந்துடாத. புள்ள பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு வா. சின்னதுங்களுக்கு விளையாட்டுப் புத்தி. உடம்பு வந்துடும், உயிரு அங்கயே நின்னுடும்."

அந்த ஊரில் ஆற்றங்கரையிலிருந்து கிளம்பினாலும் அப்படிக் கூப்பிடுவார்கள். அம்மா ஹவாயில் கடற்கரையிலிருந்து புறப்படும்போதுகூடக் கூப்பிட்டிருக்கிறாள்.

சித்தி வீட்டுச் சாப்பாட்டு அறையில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. சிப்பி ஓடு பதித்த சன்னல்களின் வழியே அந்தி பழைய பல்லின் நிறத்தில் உள்ளே கசிந்தது; வதங்கிய பூண்டு வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை, ஈரச் சுண்ணாம்பும் அணைந்த மெழுகுத்திரியும் கலந்தது, எங்கிருந்தோ கிளம்பித் தரையோடு தரையாகப் பரவியது. யாருமில்லாத மாடியில் பலகை ஒன்று முனகியது. பிறகு, யாரோ மெதுவாக நடந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்ததுபோல், இன்னொன்று. பிறகு படிக்கட்டில்.

சித்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரோவெனா. கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன் சித்தி."

"யார?"

கல்லறைத் தோட்டத்திலிருந்து கிளம்பிய நேரத்தை ரோவெனா நினைத்துப் பார்த்தாள். சித்தி முன்னால் போய் வாசலில் பூக்காரியோடு கதை பேசிக்கொண்டிருந்தாள். இவள் தூங்கிப்போன ஐராவைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவில் தனியாக நின்றாள். அம்மாவின் சாம்பலை அந்நியக் கடலில் கரைத்த ஞாபகம் வந்தது. இவர்களையாவது ஒருத்தி கூப்பிடட்டுமே என்று மனது கரைந்து, படித்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். தெலஸ்போரோ, வாங்க வீட்டுக்கு. பொனிபாசியா, வாங்க. எஸ்தெபான், இங்கயே நின்னுடாதீங்க.

"எல்லாரையும்," என்றாள்.

"புள்ளய?"

"அவ என் தோள்லதான சித்தி இருந்தா…"

சித்தி ஐராவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். முகம் சுருங்கியது. அவளுக்குப் பின்னால், காலியான நாற்காலிகளில் ஒன்று பாரம் ஏறியதுபோல் கிரீச்சிட்டது.

"ஓடு," என்றாள் சித்தி, திரும்பிப் பார்க்காமல். "முழுசா இருட்டறதுக்குள்ள போ. கூப்பிடு. வந்துட்டா திரும்பிப் பாக்காத. நேரா நடந்து வா. இவங்கள நான் பாத்துக்கறேன்."

தெருக்கோடியில்தான் கல்லறைத் தோட்டம். ரோவெனா செருப்பில்லாமல் ஓடினாள். கதவு திறந்தே கிடந்தது. உப்புக் காற்று நின்றுபோயிருந்தது. அலைச் சத்தம்கூடச் சுவருக்கு வெளியிலேயே நின்றுவிட்டதுபோல் இருந்தது.

"ஐரா! வீட்டுக்குப் போலாம் வா!"

கற்களுக்கு நடுவே குனிந்து குனிந்து தேடினாள்.

"ஐரா!"

மதியம் போகாத பின்பக்கம் போனாள். புல்லுக்குள் தாழ்வான வரிசை ஒன்று இருந்தது. செருப்புப் பெட்டி அளவுக் கற்கள். குடும்பப் பெயர் மட்டும். வருடம் மட்டும். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, அவளுடைய கொள்ளுப்பாட்டியின் காலத்திலிருந்து. யாரும் இவற்றைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை. பெயர் வைப்பதற்குள் போய்விட்ட பிள்ளைகளை எந்தத் தாய்தான் பேசுவாள்?

அங்கேயே மண்டியிட்டாள். அழுகை வந்தது. பெயரெல்லாம் மறந்து, வாயில் வந்ததைச் சொல்லிக் கதறினாள்.

"அம்மா வந்திருக்கேன்டா கண்ணு. அம்மாகிட்ட வந்துடு."

புல் அசைந்தது.

வலது கைக்குள் ஒரு பிஞ்சுக் கை நுழைந்தது. ஈரம். குளிர்ச்சி. உயிர் திரும்பியதுபோல் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். எழுந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த அடியில், இடது கைக்குள் இன்னொன்று.

நின்றாள்.

பாவாடையை ஒரு கை பற்றியது. பிறகு வேறொன்று. மிகச் சிறிய விரல்கள். கணுக்காலில், தவழ்ந்து வந்த ஏதோ ஒன்று. எதுவும் இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான். விட்டுவிடுவாளோ என்று பயந்து.

இதில் ஒன்று ஐரா. எது?

தடவிப் பார்த்தாள். எல்லாம் ஒரே குளிர்ச்சி. ஒன்றை உதறினாலும் அது அவளுடையதாக இருக்கலாம்.

நடந்தாள். மெதுவாக. சின்னக் கால்களுக்குத் தோதாக.

வீட்டு வாசல் விளக்கடியில் பூரிங் சித்தி ஐராவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சிலுவை போட உயர்ந்த கை நெற்றியிலேயே நின்றது. சித்தியின் பார்வை ரோவெனாவின் இடுப்புக்குக் கீழே இறங்கியது. பின்னால் போனது. சாலையோடு போனது. வளைவு வரை போயும் முடியவில்லை.

சித்தியின் இடுப்பில் ஐராவின் வாய் மட்டும் திறந்திருந்தது. பசியோடு, அகலமாக, காலியாக.

"அம்மா," என்றது ரோவெனாவின் வலது பக்கம்.

"அம்மா," என்றது இடது பக்கம்.

"அம்மா," என்றது சாலை.