ஜாபிதாவின் முதல் பேர்

குப்பாயியின் வீட்டுப் பேர்களை வாசித்துக் கணக்கை முடித்துக்கொண்டு வேலிப்படலைச் சாத்திய சுவாமிநாத வாத்தியாருக்கு, தமக்குப் பின்னால், அந்த வாசலிலேயே, யாரோ அதே பேர்களை மறுபடியும் வாசிப்பது போலக் கேட்டது. உரத்த குரல் இல்லை. பாடம் மறந்த பிள்ளை வாய்க்குள் முனகிப் பார்ப்பது போன்ற ஒரு முனகல். திரும்பிப் பார்த்தார். மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் ஆள் இல்லை. சோளத்தட்டுப் போரின் காய்ந்த வாசமும் மாட்டுக் கட்டுத்தரையின் ஈர வாசமும் கலந்து வந்தன. மண்சுவரில் பட்டுத் திரும்பிய தம் குரலாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி அடுத்த வாசலுக்கு நடந்தார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷத்து மாசி மாதம். தேசம் முழுவதும் ஒரே மாலையில் ஜனக்கணக்கைச் சரிபார்த்தாக வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. பேர்களை வரிசையாக எழுதி ஜாபிதாப் பட்டியல் தயாரிக்கும் வேலை தை மாதமே முடிந்துவிட்டது. இன்று விளக்கு வைத்ததும் அதை வாசல்தோறும் வாசிக்க வேண்டும். பேருக்குரியவர் "இருக்கேனுங்க" என்று பதில் சொல்ல வேண்டும். செத்தவர்களையும் ஊரைவிட்டுப் போனவர்களையும் சிவப்பு மசியால் அடித்துவிட வேண்டும். கூலியில்லாத வேலை. வேலங்காட்டுவலசில் எழுதப் படிக்கத் தெரிந்த சர்க்கார் ஆள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான் என்பதால் அவர் தலையில் விழுந்தது.

தை மாதம் எழுதும்போது அவர் ஒரு பிசகு செய்துவிட்டார். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் முதல் பேராகக் "கருப்பண்ணன்" என்றே சொன்னார்கள். ஆள் எங்கே என்று கேட்டால், "எல்லைக்குப் போயிருக்காருங்க" என்றார்கள். காட்டு எல்லைக்குப் போயிருக்கிறார்போலும் என்று அவரும் எழுதிக்கொண்டே போனார். திருச்செங்கோட்டில் ரெவினியூ இன்ஸ்பெக்டர் அந்தத் தாள்களைப் புரட்டிவிட்டுக் தாலுகா கச்சேரியே அதிரச் சிரித்தார்.

"ஏன்யா வாத்தியாரே, ஊருக்கெல்லாம் ஒரே எசமானா? யார் அந்தக் கருப்பண்ணன், ஐதராபாத் நிஜாமா?"

விசாரித்தால், பனங்காட்டு ஓரத்தில் நிற்கும் எல்லைச்சாமி. வெறும் கல். எல்லாவற்றையும் இந்தச் சரிபார்ப்பில் அடித்துவிட வேண்டும், ஒரு கருப்பண்ணன் மிச்சம் இருந்தாலும் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் உம்ம பேரை நான் அடிப்பேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார் இன்ஸ்பெக்டர்.

இதனால் ஊருக்கு அவர்மேல் கடுப்பு. குப்பாயி அவருக்கு முகம் கொடுக்கவே இல்லை; கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொல்லிவிட்டு, அவர் கோடு போட்டதும் மண்ணில் காறித் துப்பினாள். அடுத்த வீட்டு ராசப்பன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"வாங்க வாத்தியாரே. சாமியைக் கொல்ல வந்தீங்களாக்கு?"

"வேலையைச் செய்ய விடு, ராசப்பா. என் மகளுக்குக் காய்ச்சல். நான் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்."

"போங்க, ஆரு வேண்டாங்கறாங்க? ஒரு சமாச்சாரம் சொல்லிப்போட்டுப் போங்க. சீர் எழுதறதும் ஜாபிதா, விருந்துக்கு அழைக்கறதும் ஜாபிதா, எழவு சொல்லப் போறவன்கிட்டக் குடுக்கறதும் ஜாபிதா. எதுலயாச்சும் முதல் பேரு மனுசன் பேரா இருந்து பாத்திருக்கீங்களா?"

"சர்க்கார் ஜாபிதாவுக்கு அதெல்லாம் கிடையாது. மூச்சு விடுறவன் பேர் இருக்கும். மூச்சு விடாதது இருக்காது. அவ்வளவுதான் அர்த்தம்."

"அட, வாத்தியாரு மூச்சு வுடற சாமியைத்தான் கும்புடறாராட்டிருக்குது!" என்று உள்ளிருந்து அவன் பெண்சாதி சொல்ல, பெண்கள் சிரித்தார்கள்.

ராசப்பன் சிரிக்கவில்லை. "சனங்களை வரிசையா நிறுத்தி வெக்கறதுக்குப் பேருதானுங்க ஜாபிதா. நிறுத்தி வெச்சா ஆராச்சும் வந்து கூப்புடுவாங்க. நல்லதும் கூப்புடும், கெட்டதும் கூப்புடும். மொதல்ல அய்யன் பேரு இருந்தா அவரு எந்திரிச்சு நிப்பாரு. அவரைத் தாண்டி அடுத்த பேருக்கு எதும் வராது. அதைப் போயி அடிக்கறேங்கறீங்களே."

பெண்களின் சிரிப்பு வாத்தியாரைச் சுட்டிருந்தது. கருப்பண்ணன் பேர்மேல் கோட்டைச் சற்று அழுத்தியே போட்டார். பேர்களை வாசித்தார். ஒவ்வொருவராக "இருக்கேனுங்க" என்றார்கள். ஒரு கோடு போடாமல் விட்டிருந்தால் சர்க்கார் ஒன்றும் கவிழ்ந்திருக்காது. அடுத்தவருடைய பயத்துக்கு ஓர் அங்குலம் இடம் கொடுப்பதும் ஆண்டவனுக்குச் செய்கிற பூசைதான். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் இன்ஸ்பெக்டரின் முகம் அதைவிடப் பக்கத்தில் தெரிந்தது.

தெருவில் இறங்கி நடந்தவருக்கு மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை முனகல் இல்லை. ராசப்பனின் வாசலில் நின்று, தெளிவாக, ஒவ்வொரு பேருக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பேரைக் கூப்பிடுகிற இழுப்போடு ஒரு குரல் வாசித்தது. அது அவருடைய குரல்.

"ராசப்பன்."

"இருக்கேனுங்க" என்றான் உள்ளே ராசப்பன், சலிப்போடு. வாத்தியார் மறந்துபோய்த் திரும்ப வந்து கேட்கிறார் என்று நினைத்திருப்பான். அவன் பெண்சாதி பேர். அவளும் சொன்னாள். கடைசியில் தொட்டில் குழந்தையின் பேர். அதற்காகத் தாயே பதில் சொன்னாள். அதன் பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை. கட்டுத்தரை எருமை கழுத்தை உதறிய ஓசை மட்டும் வந்தது. மாடத்து விளக்கு, காற்று இல்லாமலே, திரியை யாரோ விரலால் நசுக்கியதுபோல அணைந்தது.

வாத்தியார் விளக்கை உயர்த்தினார். குப்பாயி வீட்டுப் பக்கம் பார்த்தார். அங்கேயும் இருட்டு.

திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். காது கோளாறு என்று சொல்லிக்கொண்டார். காய்ச்சல்காரக் குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்த களைப்பு என்று சொல்லிக்கொண்டார். மனைவி போன வருஷம் இரண்டாவது பிரசவத்தில் சிசுவோடு கண்ணை மூடிய பிறகு அவருக்கு மிஞ்சியிருந்தது ஐந்து வயது மகள் மயிலம்மாள் ஒருத்திதான். அவளை இப்போது ஆத்தாயி பார்த்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடி வீட்டு விதவை. ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தவள். அவர் கிளம்பும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எங்கூட்டு அய்யன் பேரை மட்டும் அடிக்காம வுட்டுருங்க சாமி. ரெண்டு பசங்களை வெச்சுக்கிட்டுத் தனியாக் கெடக்கறேன்."

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

தெருவின் மற்ற வாசல்களில் அவர் நிற்கவே இல்லை என்று சொல்லலாம். வாசித்தார், அடித்தார், நடந்தார். பின்னால் ஒவ்வொரு வாசலிலும் அந்தக் குரல் அவருக்கு அடுத்தபடி வந்தது. அவர் வேகமாக வாசித்தால் அதுவும் வேகமாக. அவர் இருமினால் அதுவும் அந்த இடத்தில் இருமியது. அது நின்ற வாசலிலிருந்து ஒரு வாசம் மட்டும் முன்னால் வந்தது. நாள்பட்ட கிணற்றுச் சேற்றின் வாசம். நாய்கள் குரைக்கவில்லை. விளக்குகள் அவருக்குப் பின்னால் ஒன்றொன்றாக அவிந்துகொண்டே வந்தன.

ஆத்தாயி வீட்டு வாசலுக்கு வந்தார். மூத்தவன் கந்தப்பன் வெளியே வந்து நின்றான். மீசை அரும்பாத பையன்.

"அம்மா உங்க ஊட்லதானுங்க இருக்குது. பேரை நானே சொல்லட்டுங்களா?"

வாத்தியார் தாளைப் பார்த்தார். பேனா கருப்பண்ணன் பேருக்கு மேலே நின்றது. இந்த ஒன்றை விட்டுவிடலாம். விட்டுவிட்டால் இங்கே அது நின்றுபோகலாம். தமக்கு வேலை போகலாம். வேலை போனால் குழந்தைக்குப் பள்ளிபாளையத்து வைத்தியரிடம் மருந்து வாங்குவது எப்படி?

கோடு போட்டார்.

"என்னங்க வாத்தியாரே, உங்களுக்கு இப்பிடி வேர்க்குது?" என்றான் கந்தப்பன்.

"உள்ளே போ. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே."

"நீங்க கூப்பிட்டாலுமா?"

அவர் தாளை மடித்துக்கொண்டார். நடந்தார். நடை ஓட்டமானது. பின்னால் குரல் கேட்டது. முதலில் கூப்பிட்டது தாயின் பேரை.

"ஆத்தாயி."

பதில் முன்னாலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டிய அவருடைய வீட்டுக்குள்ளிருந்து.

"இருக்கேனுங்க."

கதவு திறந்தது. ஆத்தாயி வெளியே வந்தாள். கையில் ஈரத்துணி. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மண்ணில் விழுந்தது. கண் திறந்திருந்தது. அவர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஆத்தாயி! தப்புப் பண்ணிட்டேன் ஆத்தாயி!" அவள் அவரைத் தாண்டிப் போனாள், ஒரு மரத்தைத் தாண்டிப் போவது போல.

வீட்டுக்குள் பாய்ந்து தாழ் போட்டார். மயிலம்மாள் பாயில் கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு ஜாபிதாவைப் பிரித்தார். கடைசித் தாள், தம் வீட்டுத் தாள். சுவாமிநாதன், குடும்பத் தலைவன். மயிலம்மாள், மகள். மேலே எதுவும் இல்லை. கருப்பண்ணன் என்று எழுதிவிட வேண்டும். பேனாவை எடுத்தார். மசிப்புட்டி ஓட்டத்தில் கவிழ்ந்து வேட்டியெல்லாம் சிவப்பு. பேனா முள் தாளைக் கீறியது. எழுத்து விழவில்லை.

வாசலில் சேற்று வாசம்.

குழந்தையின் வாயைப் பொத்தினார்.

"சுவாமிநாதன்."

முதல் பேர். தலைவன் பேர். அந்தக் கணத்தில் அவருக்குப் புரிந்தது. முதல் பேருக்குரியவன் எழுந்து நின்றால், அவனைத் தாண்டித்தான் அடுத்த பேருக்கு வர வேண்டும். எழுந்து கதவைத் திறந்து நிற்க வேண்டும். "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல்.

முருகா என்று நினைத்தார். வாய் திறக்கவில்லை. கால் எழவில்லை.

"சுவாமிநாதன்."

கதவு இடுக்கில் மூச்சு. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

அப்போது வெளியே, அதே வாசலில், அவருடைய குரலே பணிவாகப் பதில் சொன்னது.

"இருக்கேனுங்க."

பிறகு ஒரு சின்ன அமைதி.

"மயிலம்மாள்."

குழந்தை கண் விழித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து வாயிலிருந்து நீக்கினாள். அந்தப் பிஞ்சுக் கைகளில் அவ்வளவு பலம்.

"வுடுங்க. எங்கப்பா கூப்புடறாரு."

"நான்தாண்டி அப்பா! மயிலு!"

"இருக்கேனுங்க" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள்.

தாழ் தானாகக் கழன்று கதவு திறந்தது. அவள் எழுந்து நடந்தாள். அவர் தவழ்ந்துபோய் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

தெரு நெடுக ஊர் நின்றது. வீட்டு வரிசைப்படி, வயது வரிசைப்படி, ஒருவர் பின் ஒருவராக, பனங்காட்டு எல்லையைப் பார்த்துத் திரும்பி. குப்பாயி. ராசப்பன். குழந்தையை இடுப்பில் வைத்தபடி அவன் பெண்சாதி. ஈரத்துணியோடு ஆத்தாயி, அவளை ஒட்டி இரண்டு பையன்கள். யாரும் பேசவில்லை. யார் காலும் அசையவில்லை.

வரிசையின் கடைசியில், அவருடைய வேட்டி போன்ற வேட்டியும் அவருடைய கறுப்புக் கோட்டுப் போன்ற கோட்டும் உடுத்திய ஒன்று, எரியாத விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி நின்றது. மயிலம்மாள் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல் கண்ட நாளிலிருந்து சிரிக்காத குழந்தை, அதன் முகத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.