பின்சக்கரத்து ஊதா

திங்கட்கிழமை காலை. தேங்காய் வெட்ட வந்தவர்கள்தான் பாண்டிதுரையை முதலில் பார்த்தார்கள்.

சோழபுரத்திலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் மண்பாதை அது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. ராத்திரித் தூறலில் பாதையோர மண் இளகிக் கிடந்தது. அதில் சலவை வேட்டியும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையுமாகக் குப்புற விழுந்திருந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர், அறுபது வயதிலும் முதுகு வளையாத மனிதர். அந்த முதுகின் மேல் கார் ஏறியிருந்தது.

ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஈஸ்வரி வந்து சேர்ந்தாள்.

"இருட்டுல கவனிக்காம ஏத்திட்டுப் போயிருக்கான் மேடம். ஆக்சிடெண்ட்தான்" என்றார் ஏட்டு தவசிமுத்து.

ஈஸ்வரி மண்ணைப் பார்த்தாள். சக்கரத் தடம் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடியும் முன்னால் போயிருந்தது.

"கவனிக்காம ஏத்துனவன் ரிவர்ஸ் எடுத்து இன்னொரு தடவை ஏத்துவானா அண்ணே?"

தவசிமுத்து தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

இளகிய மண்ணில் ஒரு சக்கரத்தின் தடம் அச்சுப் போல விழுந்திருந்தது. டயர் பட்டையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெட்டு. சக்கரம் சுற்றும்போதெல்லாம் அந்த வெட்டும் மண்ணில் பதிந்திருந்தது. போலீஸ்காரர் ஒருவர் பிளாஸ்டர் கரைத்து அதில் ஊற்றினார். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. கூட்டத்தின் முன்வரிசையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதவன் வல்லரசு. பாண்டிதுரையின் தம்பி மகன், பக்கத்து வீட்டுக்காரன். அழுகையின் நடுவிலும் அவன் கண் அந்த வெள்ளைக் கரைசலை விட்டு நகரவில்லை.

பிணத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு துணிப்பை கிடந்தது. உள்ளே, நசுங்காமல், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பா ஒன்று.

"இது யாருக்கு வாங்கினது?" ஈஸ்வரி வல்லரசுவைக் கேட்டாள்.

"தெரியலையே மேடம். பெரியப்பாவுக்குச் சுகரு. அவிய இனிப்பைத் தொடவே மாட்டாக. இந்த டப்பாவை நான் பார்த்ததே இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அதை விடுங்க. ராஜபாளையத்துல கார் கழுவுற பெனினைப் பிடிங்க. பெரியப்பா மக, என் தங்கச்சி கார்த்திகா பின்னால சுத்துனவன். போன மாசம் பெரியப்பா அவன் கடைவாசல்லயே வெச்சு அறைஞ்சாக. நானும் கூட இருந்தேன். 'பார்த்துக்கறேன்'னு அவன் சொன்னதை இந்தக் காதால கேட்டேன்."

*

பெனினை ஈஸ்வரிக்கு ஏற்கெனவே தெரியும். தன் பழைய காரை அவன் கடையில் கழுவக் கொடுத்துவிட்டு, ஒரு மத்தியானம் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அலாய் வீலில் அவன் ஒரு மருந்தை அடித்தான். முன்சக்கரம் இரண்டிலும் ரத்தம் கன்றியது போல ஊதா நிறம் வழிந்தது. அவள் பதறிப்போனாள்.

"பிரேக் பிடிக்கப் பிடிக்க உதிர்ற இரும்புத் தூள் மேடம். மருந்து பட்டா இப்படித்தான் அழும்" என்று சிரித்தான்.

"பின்னால ரெண்டும் அழலையே?"

"அது டிரம் பிரேக்கு. மூடி போட்டது. தூளை வெளிய விடாது. எங்க அப்பா மாதிரி, எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்கும்."

அந்தச் சிரிப்பு இப்போது ஸ்டேஷன் பெஞ்சில் இல்லை.

"விடியக்காலையில எங்க இருந்தே?"

"வீட்ல. தூங்கிட்டிருந்தேன்."

"சாட்சி?"

"அப்பா."

"உன் கார்?"

"கடை ஓரத்துல மேடம். எப்பவும் அங்கதான் நிக்கும்."

"பாண்டிதுரையை அடிப்பேன்னு சொன்னியா?"

"பார்த்துக்கறேன்னுதான் சொன்னேன். கார்த்திகாவை நல்லாப் பார்த்துக்கறேன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள அறை விழுந்துருச்சு."

பெனினின் அப்பா எலியேசர் கைகளைக் கூப்பியபடி நின்றிருந்தார். அவர் சொன்னது மகனுக்குப் பாதகமாகத்தான் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாண்டிதுரை அவருக்குப் போன் செய்திருக்கிறார். "காலையில மொத பஸ்ஸுக்கு வாரேன். வீட்ல இருங்க." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

"எதுக்குன்னு கேக்கலையா?"

"கேக்கப் பயமா இருந்துச்சும்மா. சண்டைக்கு வாராகன்னு நெனச்சேன். மகன்கிட்டயும் சொன்னேன்."

தவசிமுத்து ஈஸ்வரியைப் பார்த்தார். எந்தப் பாதையில், எந்த நேரத்தில் வருவார் என்று பெனினுக்குத் தெரிந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்று முழுக்கப் பெனின் ஸ்டேஷனிலேயே இருந்தான். கடை திறக்கவில்லை. ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை இழுத்துக்கொண்டே போனது. எல்லா வேலைக்கும் வல்லரசுதான் ஓடினான். நடுவில், "மாலையும் கோடித்துணியும் வாங்கிட்டு வாரேன்" என்று தன் வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு போனவன், திரும்ப வெகுநேரம் ஆனது. பாண்டிதுரைக்கு மகன் இல்லை. சாயங்காலம் தலையை மழித்துக்கொண்டு வல்லரசுதான் கொள்ளி வைத்தான்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் கார்த்திகா ஸ்டேஷனுக்கு வந்தாள். பெஞ்சில் இருந்தவனை அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க என்ன பாடுபட்டாள் என்பது அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது.

"மேடம், அவருதான் பண்ணினாருன்னா சொல்லிருங்க. எப்படியாவது தாங்கிக்கறேன். பண்ணலைன்னா அதையும் சொல்லிருங்க. அப்பாவுக்கு அழுவுறதா, இவருக்கு அழுவுறதான்னு தெரியாம ராத்திரி முழுக்க எப்படி இருப்பேன்?"

ஈஸ்வரி அவளை உட்கார வைத்தாள். "அப்பா கடைசியா உன்கிட்ட என்ன பேசினாரு?"

"சனிக்கிழமை, புரட்டாசி கடைசிச் சனிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிட அண்ணன் கார்ல போனாரு. போறப்பயும் வாரப்பயும் வல்லரசு அண்ணன்தான் கூட. வந்து சாப்பிடுறப்ப, 'அந்தப் பையன் வீட்ல எத்தனை பேரு?'ன்னு கேட்டாரு. சொன்னேன். பொறவு ஒண்ணும் பேசல. ரசம் ஊத்தச் சொன்னாரு."

"பையில இருந்த பால்கோவா?"

"அன்னைக்கு வாங்கிட்டு வந்ததுதான். யாரும் தொடக்கூடாதுன்னு பீரோ மேல வெச்சிருந்தாரு."

*

செவ்வாய்க்கிழமை காலை பிளாஸ்டர் அச்சுடன், பெனினையும் கூட்டிக்கொண்டு அவன் கடைக்குப் போனார்கள்.

வெள்ளைக் கார். ராஜபாளையத்தில் தெருவுக்கு நாலு ஓடுகிற மாடல்தான். சுவரைப் பார்த்து நின்றிருந்தது. இடது முன்சக்கரத்தை ஒட்டிச் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி, நடுவில் கை நுழைய இடமில்லை. பின்பக்கம் மட்டும் ரோட்டைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

தவசிமுத்து குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார். "மேடம், இடது பின்சக்கரம். அதே வெட்டு."

அச்சும் டயரும் பொருந்தின.

"சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல ஆஜர்படுத்தி ரிமாண்டுக்கு அனுப்பிரலாம்" என்றார் தவசிமுத்து.

"மேடம், இந்த வீலைப் பாருங்க." பெனின் திக்கினான். அலாயின் முகத்தில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். "பாத்ரூம் ஆசிட் ஊத்தியிருக்காங்க. என் வண்டிக்கு நானே ஆசிட் ஊத்துவேனா?"

"ரத்தத்தைக் கழுவுற அவசரத்துல எவனும் ஊத்துவாம்லே" என்றார் தவசிமுத்து.

அதுவும் நியாயம்தான். ஈஸ்வரி கடைக்குள் போனாள். அலமாரியிலிருந்து அந்த மருந்து பாட்டிலை எடுத்தாள். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றச் சொல்லி, உட்புறத்தில் அடித்தாள்.

முன்சக்கரங்கள் இரண்டிலும் வெளிறிய ஊதா. போன வாரம் அவன் உள்ளும் புறமும் கழுவிய வண்டி அது. வலது பின்சக்கரத்தில் அடித்த மருந்து அடித்த நிறத்திலேயே வழிந்தது.

இடது பின்சக்கரத்தில் அடித்தாள்.

ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு உட்புறம் முழுவதும் கருத்து, கன்றி, கெட்டி ஊதாவாகத் திரண்டு சொட்டியது. சிமெண்ட் தரையில் அது ஓடிய விதத்தைப் பார்த்துப் பெனின் கண்ணை மூடிக்கொண்டான்.

ஈஸ்வரி கொண்டையூசியை எடுத்து, அந்தச் சக்கரத்தின் நட்டுக் குழியைச் சுரண்டினாள். மஞ்சளாகக் காய்ந்த ஏதோ ஒன்று உதிர்ந்தது. முகர்ந்தாள். சந்தனம்.

"ஆயுத பூஜைக்குக் காருக்குப் பொட்டு வெச்சியா?"

"நாங்க வேதக்காரங்க மேடம். சர்ச்சுக்குப் போறவங்க."

"சக்கரத்தைப் பத்திரமா லேபுக்கு அனுப்புங்க அண்ணே. அந்தப் பாட்டில் என்கிட்ட இருக்கட்டும்."

*

சோழபுரத்தில் இழவு வீடு அமைதியாக இருந்தது. சாமி படங்களைத் திருப்பி வைத்திருந்தார்கள். விளக்கு எரியவில்லை. உட்கார்ந்திருந்த பெண்கள் யார் நெற்றியிலும் பொட்டு இல்லை. பங்காளி வீடென்பதால் வல்லரசுவின் வீட்டிலும் அதே தீட்டு. அவன் கார் தகரக் கொட்டகைக்குள் நின்றது.

ஈஸ்வரி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனக் குங்குமம் சக்கரங்களில் இருந்தது. வலது முன்சக்கரத்துப் பொட்டின் மேல் பிரேக் தூள் படிந்து கறுத்திருந்தது. பின்சக்கரங்களில் பொட்டு வெளுத்து, புழுதி அப்பிக் கிடந்தது. இடது முன்சக்கரத்துக் குங்குமம் மட்டும் பளிச்சென்று சிவப்பாக இருந்தது.

"என்ன மேடம், அவன் ஒத்துக்கிட்டானா?" மழித்த தலையைத் தடவிக்கொண்டு வல்லரசு வந்தான். பின்னால் கார்த்திகாவும் பெண்களும் வந்து நின்றார்கள்.

ஈஸ்வரி வலது முன்சக்கரத்துக்குள் மருந்தை அடித்தாள். ஊதா கொட்டியது. இடது முன்சக்கரத்துக்குள் அடித்தாள். நிறம் மாறாமல் வழிந்தது.

"வண்டி கழுவுனியா வல்லரசு?"

"இழவு வீட்ல வண்டி கழுவ ஏது நேரம்?"

"அப்ப இடது பக்கத்து அழுக்கு எங்க போச்சு?"

"அது... பஞ்சர். போன வாரம் ஸ்டெப்னி மாத்துனேன்."

"போன வாரத்துலேர்ந்து முன்னால ஓடின வீலுன்னா தூள் படிஞ்சிருக்கணும். துளிகூட இல்ல. இது எப்பவும் டிரம் பிரேக் பக்கத்துல, பின்னாலயே ஓடின வீலு. பெனின் கார்ல இருந்தது. உன் முன்சக்கரம் அவன் கார்ல பின்னால மாட்டியிருக்கு."

"முன்ன பின்ன மாத்திப் போடுறதெல்லாம் வழக்கம்தான மேடம். அவனே மாத்தியிருப்பான்."

"மாத்துறவன் ரெண்டு பக்கமும் மாத்துவான். அங்க இடது பின்னால மட்டும் கறுப்பு. இங்க இடது முன்னால மட்டும் சுத்தம். வேதக்காரப் பையன் வண்டியில, நீ ஆசிட் ஊத்தியும் போகாத சந்தனம் வேற."

வல்லரசு காரை விட்டு ஓரடி பின்வாங்கினான்.

"தடத்துல பிளாஸ்டர் ஊத்துறதைப் பக்கத்துல நின்னு பார்த்தே. அந்த வெட்டு உன் டயர்ல இருக்குன்னு உனக்குத் தெரியும். பெனின் அன்னைக்கு முழுக்க என் முன்னாலதான் உக்காந்திருந்தான். கடை பூட்டிக் கிடந்துச்சு. மாலை வாங்கப் போறேன்னு போய், பட்டப்பகல்ல, ரோட்டோரமா, ஜாக்கி போட்டு மாத்தியிருக்கே. சக்கரம் மாட்டுறவனை எவன் திரும்பிப் பார்ப்பான்? முன்சக்கரத்துல மாட்டத் தொட்டி இடைஞ்சல். அதனால பின்னால மாட்டினே."

"இதெல்லாம் உங்க யூகம்."

"சரி. நீ எதையும் அரைகுறையா விடுற ஆளில்ல. மூணு சக்கரத்துல பொட்டு இருந்துச்சு, புதுசா மாட்டுனதுல இல்ல. கண்ணுல படுமேன்னு பயந்து நீயே வெச்சே." ஈஸ்வரி பெண்கள் பக்கம் திரும்பினாள். "தீட்டு வீட்டு வண்டிக்கு யாரும்மா புதுசாக் குங்குமம் வெச்சது?"

வல்லரசுவின் அம்மா தன் வெற்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு மகனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"பால்கோவா டப்பாவைப் பார்த்ததே இல்லைன்னு சொன்னே" என்றாள் ஈஸ்வரி. "சனிக்கிழமை உன் கார்ல, உன் பக்கத்துல உக்காந்துதான் அதை அவரு கொண்டுவந்தாரு. யாருக்குன்னு நீ கேக்கலையா?"

"கேட்டேன்!" கத்திவிட்டான். "சம்பந்தி வீட்டுக்குலே, திங்கக்கெழமை மொத பஸ்ஸுக்குப் போறேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. கடைவாசல்ல வெச்சு அறைஞ்ச மனுசன், பெருமாளைக் கும்பிட்டுட்டு வந்து, வெறுங்கையோட போகக் கூடாதுன்னு வேதக்காரன் வீட்டுக்கு இனிப்பு வாங்குறாரு. தோப்பும் அவளுக்காம். நான் அந்தத் தென்னைக்கு எம்புட்டு வருசமாத் தண்ணி பாய்ச்சுறேன்? அவனை உள்ள தள்ளிட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு..."

அதற்கு மேல் அவன் பேசியது யார் காதிலும் விழவில்லை. கார்த்திகா அவனை அடிக்கவில்லை, அழவும் இல்லை.

"அண்ணே, நீதான கொள்ளி வெச்சே" என்றாள். அவ்வளவுதான்.

தவசிமுத்து விலங்கை எடுத்தார்.

*

சக்கரத்தின் உட்புறத்தில், பிரேக் தூளோடு காய்ந்து கெட்டியாகப் பாண்டிதுரையின் ரத்தம் இருந்ததாக லேப் அறிக்கை பின்னால் வந்தது. அதற்கு முன்பே, அன்று சாயங்காலமே, பெனினை ஈஸ்வரி அனுப்பிவிட்டாள்.

அவன் சோழபுரத்துக்குப் போகவில்லை. இந்த நேரத்தில் போகக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எலியேசர் மட்டும் போனார். இழவு வீட்டுக்கு எதுவும் கொண்டுபோகக் கூடாது என்பதால் வெறுங்கையோடு போனார். வாசலோடு நின்றார்.

கார்த்திகா எழுந்து வந்தாள். இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை.

"வீட்ல இருங்கன்னு சொன்னாக தாயி" என்றார் அவர். "இருந்தேன்."

கார்த்திகா தலையசைத்தாள்.

அவர் போகவில்லை. துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். ஏதோ ஒன்றைச் சொல்லாமல் அந்த வாசலைத் தாண்ட அவரால் முடியவில்லை.

"சண்டைக்கு வாராகன்னு நெனச்சு, விடியுமுன்னயே கதவை உள்தாழ்ப்பாள் போட்டு வெச்சுட்டேன் தாயி."